தப்பான பாஸ்வேர்டு இருபத்திரண்டு மூட்டை

குருவியேந்தல் கண்மாயின் பெரிய மடைக்கு ஒரு இரும்பு ஷட்டர் போட வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானித்தது. இதில் ஒரு தப்பும் இல்லை. பழைய பலகை உளுத்துப்போய், கண்மாய்க்குள் வருகிற தண்ணீர் விருந்தாளி மாதிரி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவே கிடக்கிற பூமி அது. வானம் வருசத்துக்கு ஒருதரம்தான் மனசு வைக்கும். வைக்கிற அன்றைக்கு மடை வாயைப் பிளந்துகொண்டு நின்றால், அந்த வருசம் நெல்லைக் கடையில் மட்டும்தான் பார்க்கலாம்.

மூணு வருசம் மீன் குத்தகைக் காசையும் புளியமர ஏலக் காசையும் யாரும் தொடாமல் சேர்த்துவைத்தார்கள். கண்மாய்ச் சங்கத் தலைவர் இருளப்பசாமி. கையெழுத்துப் போடத் தெரியும், கணக்கு வாயாலேயே போட்டுவிடுவார், சொன்ன சொல் தவற மாட்டார். தலைவர் ஆவதற்கு இது போதும். அதிகாரிகளிடம் போவதற்கு இது போதாது என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சங்கத்துக் காசைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது என்றார்கள். போனார். திருச்சுழியில் 'கண்மாய்ச் சங்க நிதி நவீனமயமாக்கல் வட்டார அலுவலகம்' என்று பலகை தொங்கியது. கட்டிடத்தைவிடப் பலகை நீளம். ரெண்டு பக்கமும் முழம் முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அங்கே அப்போது அதிகாரி நல்லமுத்து. அவர் மதுரையில் பெரிய ஓட்டலில் மூணு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். போகும்போது மனுசனாகப் போனவர், வரும்போது தோளில் ஒரு இலவசப் பையும் வாயில் ஒரு புது வார்த்தையுமாக வந்தார். அந்த வார்த்தை கிரிப்டோ.

"கண்மாய்த் தண்ணி ஆவியாகும், இருளப்பசாமி. பேங்குல போட்ட ரூபாயும் ஆவியாகும். காயின் ஆவியாகாது."

"அது எங்க சார் இருக்கும்?"

"எங்கயும் இருக்காது. அதான் பாதுகாப்பு."

எங்கேயும் இல்லாத பொருளை ஒருத்தன் எப்படித் திருடுவான் என்று யோசித்துப் பார்த்தார் இருளப்பசாமி. நியாயமாகத்தான் பட்டது. சங்கத்துக் காசு முழுவதும் காயினாக மாறக் கையெழுத்துப் போட்டார்.

மாவட்டத்திலேயே முதன்முதலாகக் கண்மாயைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனவர் என்று நல்லமுத்துவுக்குப் பொன்னாடை போட்டு, அந்தச் சூட்டோடு மாற்றலும் கொடுத்து வடக்கே அனுப்பிவைத்தார்கள். அவர் இடத்துக்கு ராஜகுரு என்பவர் வந்தார். ஷட்டர் போடக் காசு கேட்டு இருளப்பசாமி போய் நின்றபோதுதான், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற காயின் பெட்டியைத் திறக்கிற பாஸ்வேர்டு ஆபீஸில் இல்லை என்பது கண்டறியப்பட்டது. நல்லமுத்துவுக்குக் கடிதம் போனது. நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

'மேற்படி கடவுச்சொல் மிகவும் கமுக்கமானது என்பதால், அது என்னிடமிருந்தும் கமுக்கமாக வைக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"சார், பெட்டி இருக்கா?" என்று கேட்டார் இருளப்பசாமி.

"இருக்கு."

"உள்ள நம்ம காசு இருக்கா?"

"இருக்கு. வெளிய நின்னு யாரு வேணாலும் பாக்கலாம்."

"எடுக்க முடியாது."

"முடியாது."

"பூட்டை ஒடச்சா என்ன?"

"அதுக்குத்தான் பெரியவரே குழு போட்டிருக்கு," என்றார் ராஜகுரு.

குழுவின் பெயர் கடவுச்சொல் மீட்பு உயர்நிலைக் குழு. தலைவர் ராஜகுரு. உறுப்பினர் செயலர் ஆபீஸ் டைப்பிஸ்ட் யுவராணி. நிபுணர் என்று பாலவனத்தத்துச் செல்வக்குமார். அந்த ஆள் இன்ஜினியரிங் காலேஜில் மூணே முக்கால் வருசம் படித்தவர். மிச்சத்தைச் செல்போனில் படித்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் குட்டியானை வண்டியில் ஒரு பெரிய பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். நாலு செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மூணு விசிறி வைத்த மாதிரி இருந்தது.

"இதென்ன தம்பி?"

"கிராபிக்ஸ் கார்டு அண்ணாச்சி."

ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, நூறுநாள் வேலைக் கார்டு எல்லாம் இருளப்பசாமி பார்த்திருக்கிறார். விசிறி வைத்த கார்டை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"பாஸ்வேர்டு இதுவா இருக்குமா, அதுவா இருக்குமான்னு போட்டுப் போட்டுப் பாக்கும். நொடிக்கு எட்டாயிரம் சாவி."

"அப்ப சாயங்காலம் தெறந்துருமா?"

"டியூன் பண்ணணும். கார்டுக்குக் கரண்டு எவ்வளவு, விசிறி எவ்வளவு, வேகம் எவ்வளவுன்னு பாத்துப் பாத்து வைக்கணும். உழவு மாடு மாதிரிதான். ரொம்ப முடுக்கினா படுத்துரும். விட்டா மேய ஆரம்பிச்சிரும்."

இருளப்பசாமிக்கு இது விளங்கியது. அந்த ஆபீஸில் அவருக்கு விளங்கிய கடைசி விசயமும் இதுதான்.

ஆனி மாதம், பதினொரு மணி வெயில், தகரக் கூரை. நல்ல நேரம் பார்த்து மிஷினைப் போட்டார்கள். பத்து நிமிசத்தில் கார்டு தோசைக்கல்லாகக் கொதித்துத் தானே நின்றுகொண்டது. ஏ.சி. வேண்டும் என்றார் செல்வக்குமார். மிஷினுக்கு ஏ.சி. அனுமதிக்கப்பட்டது. ஏ.சி. வந்த அன்றைக்கே, மீட்புப் பணியை நேரடியாகக் கண்காணிக்க வேண்டிய அவசியம் எழுந்தபடியால், ராஜகுரு தன் மேசையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். மூணாம் நாள் அவருக்குச் சளி பிடித்தது. ஏ.சி.யைக் குறைத்தார்கள். மிஷினுக்கு மறுபடி காய்ச்சல். அதிகாரிக்குச் சளி பிடிக்காமலும் மிஷினுக்குக் காய்ச்சல் வராமலும் ஒரு சூடு உண்டா என்று கண்டுபிடிக்கவே ஆடி பிறந்துவிட்டது.

அதற்கு அப்புறம் விதிமுறை வந்தது.

மிஷின் தன்னிஷ்டத்துக்கு எழுத்துகளைக் கோக்கும்போது மேலதிகாரிகளின் பெயர் மொட்டையாக வந்துவிட வாய்ப்பிருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். எனவே எல்லாப் பெயருக்கும் முன்னால் 'திரு' சேர்க்க உத்தரவானது. பூட்டுக்கு மரியாதை தெரியாது. திறக்கவில்லை. நல்லமுத்து தன் சம்சாரத்தின் பெயரை வைத்திருக்கலாம் என்று யுவராணி சொன்னார். ஒரு குடும்பப் பெண்ணின் பெயரை மிஷினில் ஓட்ட அவரிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்றார் ராஜகுரு. கடிதம் போனது. 'என் பேராக இருந்தால் ஓட்டுங்கள். வேறு யார் பேராவது வந்தால் எனக்கு உடனே தெரிவிக்கவும்' என்று அந்த அம்மா பதில் போட்டார். அதைப் படித்த நல்லமுத்து வடக்கிலிருந்து போனிலேயே பதறி, பெண்கள் பெயர் எதையும் ஓட்டவே கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒரு சக அதிகாரியின் குடும்ப அமைதி கருதி அது ஏற்கப்பட்டது.

ஆனால் எல்லாவற்றையும் முழுங்கியது ஒரே ஒரு கேள்விதான். ராஜகுரு அதை மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்.

"தோத்த பாஸ்வேர்டுக்கு என்ன அத்தாட்சி?"

"மிஷின் தப்புன்னு சொல்லுதே சார்," என்றார் செல்வக்குமார்.

"அது வாய்மொழி. நாளைக்கு ஆடிட்ல வந்து, இந்தப் பாஸ்வேர்டைப் போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டா? மிஷின் வந்து சாட்சி சொல்லுமா?"

இதற்குச் செல்போனில் பதில் இல்லை. ஆகவே தோற்ற கடவுச்சொல் ஒவ்வொன்றும் அச்செடுக்கப்பட்டு, சரிபார்ப்பு அலுவலரால் கையொப்பமிடப்பட்டு, நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஒரு தாளில் ஒரு கடவுச்சொல்தான். ரெண்டு கடவுச்சொல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் ரகசியம் இன்னொன்றுக்குத் தெரிந்துவிடுமல்லவா.

மிஷினை ஒரே ஒரு நொடி ஓட்டினார்கள். எட்டாயிரம் தாள். யுவராணி அச்செடுத்துக் கொடுக்கக் கொடுக்க ராஜகுரு கையெழுத்துப் போட்டார். மூணு நாள் போட்டார். நாலாம் நாள் மணிக்கட்டு வீங்கி, அருப்புக்கோட்டைக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் ஒரு குறிப்பு எழுதினார். இடது கையால்தான் எழுதினார், ஆனாலும் அழுத்தமாக இருந்தது.

'இயந்திரத்தின் வேகமானது சரிபார்ப்பு அலுவலரின் கையொப்ப வேகத்துக்கு இசைவாக அமைக்கப்பட வேண்டும்.'

அதாவது நிமிசத்துக்குப் பன்னிரண்டு.

செல்வக்குமார் பதினோரு நாள் ராப்பகலாக வேலை பார்த்தார். கரண்டைக் குறைத்தார், கார்டின் வேகத்தைக் குறைத்தார், மெமரியை மடக்கினார், மூணு கார்டைப் படுக்கப்போட்டார். அது ஓடப் பிறந்த சாதி. எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் துள்ளிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு சாவியைப் போட்டுவிட்டு ஐந்து நொடி சும்மா நிற்கப் பழக்கிவிட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிற்கவும், அரசு விடுமுறைக்கு ஓய்வெடுக்கவும் பழக்கினார். மேலே இருந்து யாராவது பார்க்க வந்தால் விசிறிகள் மட்டும் பேய்ச்சத்தம் போடும். அதற்குத் தனியாக ஒரு பித்தான்.

"சத்தம் கூட. சூடு கம்மி. வேலை நடக்கிற மாதிரி இருக்கும்," என்று இருளப்பசாமியிடம் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "வேகமா ஓட்ட ஒலகம் பூரா ஆயிரம் பேரு வழி சொல்லியிருக்கான் அண்ணாச்சி. மெதுவா ஓட்ட ஒருத்தனும் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன்."

"முன்னாடி மாடுன்னு சொன்னீக."

"ஆமா."

"இப்ப இந்த ஆபீஸ் ஆளாக்கிட்டீக."

செல்வக்குமார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவர் சட்டைப் பையிலும் இப்போது ரெண்டு பேனா இருந்தது.

தாள்கள் மூட்டையாயின. மூட்டைகள் வராண்டாவில் ஏறின. ஒவ்வொரு மூட்டையும் ரெண்டு ஆள் தூக்க வேண்டிய கனம். இருளப்பசாமி வாரத்துக்கு ரெண்டு தரம் பஸ் ஏறிப் போய், மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்தார். மாலையில் வீட்டுக்கு வந்தால் அவர் சம்சாரம் முத்துத்தாய் தண்ணிச் செம்பை நீட்டுவதற்கு முன்னாலேயே கேட்பார்.

"தெறந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"எங்க அண்ணன் வீட்டுப் பீரோச் சாவி தொலஞ்சப்ப, அருப்புக்கோட்டையிலருந்து ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். ஒரு கம்பிய விட்டு ஆட்டினான். ஒரு சாயாவக் குடிச்சிட்டுப் போய்ட்டான். ஒங்காளுக பன்னெண்டு விசிறி வச்சுக்கிட்டு என்னத்த ஆத்துறாக?"

"இது வேற பூட்டு."

"பூட்டு ஒன்னுதான். ஆளுகதான் வேற. ஐப்பசிக்கு இன்னும் பதினஞ்சு நாளு இருக்கு, தலைவரே. மழைக்கு மனுக் குடுத்து நிப்பாட்டி வைங்க."

அவர் 'தலைவரே' என்று கூப்பிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. இருளப்பசாமி மறுநாள் பதினாலாவது மனுப் போடப் புறப்பட்டார்.

மனு இப்போது கையால் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். ஆன்லைனில் போட வேண்டும். அதற்குத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாரீஸ்வரியின் ஜெராக்ஸ் கடை. பட்டா, வாரிசுச் சான்று, பரீட்சை முடிவு, பாஸ்போர்ட் வரைக்கும் சுற்றுப்பட்டி நாற்பது ஊருக்கும் அந்தப் பிள்ளைதான். ரெண்டு கையும் ரெண்டு வாயும் இருக்கிற மாதிரி வேலை பார்க்கும்.

"வாங்க பெரியப்பா. அதே மனுதான? தேதிய மட்டும் மாத்தவா?"

"மாத்து தாயி."

அது தட்டிக்கொண்டே போனது. பெயர், போன் நம்பர், பாஸ்வேர்டு. இருளப்பசாமி சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்ததைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவதற்குள் உள்ளே போய்விட்டது.

"என் பாஸ்வேர்டு ஒனக்கு மனப்பாடமா?"

"நான் போட்டுக் குடுத்ததுதான பெரியப்பா."

"நூறு பேருக்குப் போட்டுக் குடுக்கிற. அம்புட்டையுமா ஞாபகம் வச்சிருக்க?"

மாரீஸ்வரி வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தது. "யாருட்டயும் சொல்லிராதீக. எல்லாத்துக்கும் ஒன்னுதான். ஆளுக்கு ஒன்னு வச்சா மறந்துட்டு வந்து என் உசுர எடுப்பாக. ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனியாச் சொல்லி, வெளிய விடாதீகன்னு சொல்லிருவேன். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் விடல."

இந்தத் தாலுகாவில் இத்தனை பேர் சேர்ந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது சரித்திரத்தில் இதுதான் முதல் தரம்.

இருளப்பசாமி ரேஷன் கார்டைத் திரும்பப் பையில் வைத்தார். அப்புறம் கேட்டார். "தாயி, முன்னாடி இருந்தாகளே ஆபீசர் நல்லமுத்து, அவுக இங்க வருவாகளா?"

"வராம? ஆபீஸ்ல என்னைக்கு நெட்டு இருந்துச்சு? அந்தக் காயின் பெட்டி கூட இங்கதான் தெறந்தாக. இதே சேர்ல ஒக்காந்துக்கிட்டு, 'நீயே எதையாவது போடும்மா'ன்னாக. போட்டேன். காதுல சொன்னேன். அவுக அப்ப போன் பேசிக்கிட்டிருந்தாக."

இருளப்பசாமி ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதித் தரச் சொல்லி, நாலாக மடித்து, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினார்.

"சார், பாஸ்வேர்டு."

ராஜகுரு கையெழுத்துப் போடுவதை நிறுத்தவில்லை. "எது?"

"நம்ம பாஸ்வேர்டு. நல்லமுத்து சாரு பெட்டி தெறந்தது மாரீஸ்வரி கடையில. அந்தப் பிள்ளையே எழுதிக் குடுத்துச்சு."

ராஜகுரு பேனாவை மூடினார். "பதிவேட்டின்படி மேற்படி பெட்டி அலுவலகப் பாதுகாப்பு அறையில் துவக்கப்பட்டிருக்கு. கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. ஜெராக்ஸ் கடையில தெறந்திருந்தா அது வேற பெட்டி."

"ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க சார். இல்லைன்னா நான் போயிர்றேன்."

"தட்டலாம். முறைன்னு ஒன்னு இருக்குல்ல. வரிசையில நிக்கிற பாஸ்வேர்டையெல்லாம் விட்டுட்டு நேத்து வந்ததை முன்னால விட்டா, அது சலுகை காட்டினதா ஆகாதா? செல்வக்குமார், இதோட முறை எப்ப வரும்?"

செல்வக்குமார் விரலை மடக்கிப் பார்த்தார். "இப்ப இருக்கிற செட்டிங்ல ஒரு நானூறு வருசம் சார்."

"பாத்தீங்களா? கட்டாயம் வரும்."

"அதுக்குள்ள ஷட்டர் வெல ஏறிராதா சார்?" என்றார் இருளப்பசாமி.

ராஜகுரு அந்தக் கேள்விக்காக வருந்தினார். சீட்டைப் பிரித்துப் பார்க்கவும் மறுத்துவிட்டார். கடவுச்சொல்லை மிஷின் பார்க்கலாம், மனுசர் பார்க்கக் கூடாது. எனவே சீட்டு ஒரு கவரில் போடப்பட்டு, அரக்கு வைக்கப்பட்டு, பீரோவில் பூட்டப்பட்டது. மிஷின் ஐந்து நொடிக்கு ஒருதரம் செருமிக்கொண்டே தப்பான சாவியைப் போட்டுக்கொண்டிருக்க, சரியான சாவி அதன் முதுகுக்குப் பின்னால் அரை முழத் தூரத்தில் படுத்துக்கொண்டது.

ஐப்பசி ஏழாம் தேதி மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. ரெண்டு மணி நேரத்தில் கண்மாய்க்குள் தண்ணீர் தளதளவென்று ஏறியது. ஏறின வேகத்தில் பெரிய மடைப் பலகை படீரென்று பிய்த்துக்கொண்டு போனது. இருளப்பசாமியும் பக்கத்துக் காட்டுக்காரர் வீரபாண்டியும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

"ஏலே, கரிசல் மண்ண மூட்டை கட்டிப் போடுவமா?" என்றார் இருளப்பசாமி.

"கூழாக் கரஞ்சு போகும்ல. ஆத்து மணல் வேணும்."

"மணலுக்குப் பாஸ் வாங்கணும். பாஸுக்கு ஆன்லைன்ல போடணும்."

"வைக்கோலு?"

"போன வருசம் வெளஞ்சாத்தானல வைக்கோலு."

மூணு வருசக் காசும் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. ஒரு வருச மழையும் கண் முன்னால் போகிறது. இருளப்பசாமி தண்ணீரைப் பார்த்தார். அப்புறம் திருச்சுழி ரோட்டைப் பார்த்தார்.

"வீரபாண்டி, ஒன் குட்டியானைய எடு."

ஆபீஸ் வராண்டாவில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு மூட்டைக்கும் மேலே கையைப் பரப்பிக்கொண்டு ராஜகுரு தவித்துக்கொண்டிருந்தார்.

"சார், மூட்டையெல்லாம் நனையுது," என்றார் இருளப்பசாமி.

"நிரந்தரப் பதிவேடு பெரியவரே. ஒரு தாள் போனாலும் என் பென்சன் போச்சு."

"எங்க ஊருல கொண்டுபோய்ப் பத்திரமா வச்சுக்கிறோம். ஒரு தாளு கூட நகராது."

யுவராணி ஒரு படிவத்தை நீட்டினார். 'பதிவேடுகளை மழையிலிருந்து காக்கும் பொருட்டுத் தற்காலிக இடமாற்றம்' என்று எழுதிச் சீல் வைத்தார்கள். ரெண்டு பேருமாகத் தூக்கி ஏற்றிக் கொண்டுவர, ஊரே கூடி மடை வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியது. தாள் தண்ணீரைக் குடித்தது. குடிக்கக் குடிக்க உப்பியது. உப்பி உப்பி ஒன்றோடொன்று நெருக்கியடித்து, கடைசி மூட்டை இறங்கியபோது மடை கம்மென்று நின்றுவிட்டது. அதிகாரியின் கையெழுத்து ஒரு கண்மாயைக் காப்பாற்றியதை அன்றைக்குக் குருவியேந்தல் கண்ணால் பார்த்தது. பாதிக் கண்மாய் தண்ணீர் தங்கியது. அதுவே போதும் என்று முத்துத்தாய் குழம்பில் உப்புப் போட்டார்.

நாலாம் நாள் மாவட்ட அதிகாரி நாகஜோதி அம்மா திடீர் ஆய்வுக்கு வந்தார். நல்ல கெட்டிக்காரர். முன்பு பயிற்சிக் காலத்தில் மூணு மாதம் திருச்சுழியில் இருந்தவர். மிஷின் பேய்ச்சத்தம் போட்டு வரவேற்றது. பதிவேடு எங்கே என்று கேட்டார். எல்லோரும் ஜீப்பில் ஏறிக் கண்மாய்க் கரைக்கு வந்தார்கள். ராஜகுரு பதற்றத்தில் அரக்கு வைத்த கவரையும் கோப்போடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"பதிவேடு எந்த நிலைமையில இருக்கு?"

"நல்லா ஊறி, உப்பி, கல்லு மாதிரி இருக்கும்மா," என்றார் இருளப்பசாமி.

"பதிவேட்டிலிருந்து ஒரு சொட்டுக் கசியவில்லை மேடம்," என்றார் ராஜகுரு.

நாகஜோதி அம்மா மடையைப் பார்த்தார். கண்மாயைப் பார்த்தார். "இதுல என்னதான் இருக்கு?"

"எல்லாம் தப்பான பாஸ்வேர்டும்மா," என்றார் இருளப்பசாமி. "சரியானது இவுக கக்கத்துல இருக்கு. பிரிக்க மாட்டேங்கிறாக."

அந்த அம்மா கையை நீட்டினார். ராஜகுரு கவரைக் கொடுத்தார். அரக்கை உடைத்து, சீட்டைப் பிரித்து, படித்தார். படித்த முகம் பட்டென்று வெளிறியது. மறுபடி ஒருதரம் படித்தார்.

"இது... இதை யாரு சொன்னது? என் போனை யாராவது எடுத்தீங்களா?"

சீட்டு ராஜகுருவிடம் போனது. அவர் படித்துவிட்டுத் தன் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். செல்வக்குமாரிடம் போனது. அவர் நெற்றியில் வேர்த்தது. யுவராணி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஜீப் டிரைவர் நல்லபடியாகத்தான் நின்றுகொண்டிருந்தார், சீட்டு அவர் பக்கம் திரும்பியதும் ஒரு எட்டு பின்னால் வைத்தார். எல்லோரும் கரையில் திசைக்கு ஒருவராகத் திரும்பி நின்று, போனை எடுத்து, அவசர அவசரமாக எதையோ தட்டினார்கள்.

காயின் பெட்டி அன்று மத்தியானமே திறந்தது. ஒரே தட்டு. மிஷின் மதிய உணவு இடைவேளை முடிந்து அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தது. காசு அப்படியே இருந்தது.

ஒரு வாரத்தில் குருவியேந்தல் கண்மாய்ச் சங்கத்துக்கு ஆணை வந்தது. இருளப்பசாமி அதை யுவராணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 'மேற்படி மடையானது ஏற்கெனவே முழுமையாக அடைக்கப்பட்டுவிட்டது கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டபடியால், ஷட்டர் பொருத்த வேண்டிய தேவை எழவில்லை. மேலும், மடையில் உள்ளவை நிரந்தரப் பதிவேடுகள் ஆதலால், உரிய அனுமதியின்றி அவற்றை நகர்த்துவது தண்டனைக்குரியது.'

"அப்படின்னா, தண்ணி இருக்கு. வயலுக்குத் தெறந்து விடக் கூடாது," என்றார் இருளப்பசாமி.

"ஆமாய்யா," என்றார் யுவராணி. "மனு போடுங்க. ஆன்லைன்ல."

பயிர் வாடிக்கொண்டிருந்தது. பதினஞ்சாவது மனுப் போட அவர் மாரீஸ்வரி கடைக்குப் போனபோது, கடைக்கு முன்னால் வரிசை பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வளைந்து நின்றது. விசயம் எப்படியோ வெளியே வந்துவிட்டது. வீரசோழன் வியாபாரிகள், மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், வாத்தியார்மார், பேங்குக்காரர்கள், எல்லோரும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் செல்வக்குமார் நின்றார். அவருக்கு முன்னால், மழை இல்லாத நாளில் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஆபீஸின் காயின் பெட்டிக்குப் புதுப் பாஸ்வேர்டு போட வந்த ராஜகுரு. நாகஜோதி அம்மா டிரைவரை அனுப்பியிருந்தார்.

"மாத்திக் குடும்மா, மாத்திக் குடும்மா," என்று ஒவ்வொருத்தரும் கெஞ்சினார்கள்.

மாரீஸ்வரி ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி, பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டுப் புதுசாக ஒன்று போட்டு, கிட்டே வரச் சொல்லிக் காதோடு காதாகச் சொன்னது. "வெளிய விட்டுறாதீக." கேட்டவர்கள் நிம்மதியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

இருளப்பசாமியின் முறை வந்தது. மனுவை மறந்துவிட்டார். போனைத்தான் முதலில் நீட்டினார்.

"தாயி, போன தடவ ஒன்னு, எல்லாத்துக்கும் அதே ஒன்னு. இந்தத் தடவ?"

"அது தப்புன்னு தெரிஞ்சிருச்சே பெரியப்பா. அதான் இப்ப எல்லாத்துக்கும் வேற ஒன்னு."

அவர் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து காதைக் கொடுத்தார். கேட்டுக்கொண்டு, வேறு யாருக்கும் தெரியாமல் ரேஷன் கார்டின் பின்பக்கம், பழையதை அடித்துவிட்டு அதற்குக் கீழேயே எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அது என்ன என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இதைப் பாதியில் போட்டுவிட்டுத் திருச்சுழிக்குப் பஸ் ஏற வேண்டிவரும்.